கட்டியவர் பெயர் எங்கே?
(நாராயண பிள்ளை முதல் நம் பாட்டன்மார் வரை)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டும் எவ்வளவு பெரிய காரியம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வீடு கட்டவே இந்தப் பாடு என்றால், ஆயுள் முழுக்க ஊராருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? அவர் எழுப்பிய சுவர் நிற்கிறது. அதில் குடியிருப்பவர் பெயர் வாசலில் தொங்குகிறது. கட்டியவர் பெயர் எங்கே?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஜொகூர் மண்ணையும் அதன் அக்கரையையும் சேர்ந்த இரண்டு கட்டடக்காரர்களின் வரலாற்றைப் பார்ப்போம். அதற்குப் பிறகு நம்ம கதைக்கு வருவோம்.

கப்பலில் வந்த கணக்கர்

1819-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூர் தனி நாடு அல்ல. அது ஜொகூர் அரசுக்கு உட்பட்ட ஒரு தீவு. தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் தம் மக்களுடன் அங்கே வாழ்ந்து வந்தார். அவ்வாண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் தெமெங்கோங்குடனும் ஜொகூர் சுல்தான் உசேன் ஷாவுடனும் ஒப்பந்தம் செய்துகொண்டுதான் ராபிள்ஸ் அங்கே ஆங்கிலேயர் கொடியை ஏற்றினார். ஆகவே சிங்கப்பூரின் தொடக்கக் கதை ஜொகூரின் கதையும்தான்.

அதே ஆண்டு மே மாத இறுதியில் ராபிள்ஸ் இரண்டாம் முறையாகப் பினாங்கிலிருந்து 'இந்தியானா' என்ற கப்பலில் வந்தார். அந்தக் கப்பலில் ஒரு தமிழரும் இருந்தார். அவர்தான் நாராயண பிள்ளை. பினாங்கில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். புது ஊரில் நல்ல எதிர்காலம் உண்டு என்ற நம்பிக்கையோடு கப்பல் ஏறினார்.

வந்தவுடன் கிடைத்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. கருவூலத்தில் காசு சோதிக்கும் வேலை. நல்ல காசா, கள்ளக் காசா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேறொருவராக இருந்தால், "மாசச் சம்பளம் வருது, போதுமப்பா" என்று உட்கார்ந்திருப்பார். பிள்ளை கண்ணைத் திறந்து ஊரைப் பார்த்தார். நாள்தோறும் கப்பல் வருகிறது, ஆள் இறங்குகிறது. இறங்குகிறவர் அனைவருக்கும் தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டுமே! இருப்பதெல்லாம் மரமும் அத்தாப்பும்தான். செங்கல் எங்கே? கொத்தனார் எங்கே? தச்சர் எங்கே?

உடனே பினாங்கிலிருந்த தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். கொத்தனார்களையும் தச்சர்களையும் துணி வியாபாரிகளையும் அனுப்பச் சொன்னார். தஞ்சோங் பகார் பக்கத்தில் செங்கற் சூளை போட்டார். இவ்வாறு சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் ஆனார்.

மாணவர்களே, ஒரு செங்கல் எப்படி உருவாகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? மண்ணைத் தோண்டி, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீர் விட்டுக் காலால் மிதித்துக் குழைக்க வேண்டும். மர அச்சில் அடித்து வரிசையாகக் காயப் போட வேண்டும். மழை வந்தால் அத்தனையும் கரைந்து போகும். நம்ம ஊர் மழைதான் சொல்லிக்கொண்டா வருகிறது? காய்ந்த கல்லைக் காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி, விறகு மூட்டி, நாள்கணக்கில் தீ அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீ குறைந்தால் கல் வேகாது. மிஞ்சினால் வெடிக்கும். எழுத்து வேலை பார்த்த ஒருவர் இந்தத் தொழிலில் இறங்கினார் என்றால் அந்தத் துணிவைப் பாராட்டாமல் இருக்க முடியுமா?

ஒரே இரவில் சாம்பல்

சூளையோடு நிற்காமல் கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடையும் வைத்தார். வியாபாரம் பெருகியது. சரக்கெல்லாம் ஆங்கில வணிகர்களிடம் கடனுக்கு வாங்கியது. 1822-இல் கடை தீப்பற்றி எரிந்து போனது. சரக்கு சாம்பலானது. கடன் மட்டும் எரியாமல் நின்றது!

இங்கேதான் நாம் அவரைக் கவனிக்க வேண்டும். அவர் இரவோடு இரவாகக் கப்பல் ஏறி ஓடவில்லை. நேரே போய் நிலைமையைச் சொன்னார். ராபிள்சின் உதவியால் கமர்ஷியல் ஸ்கொயர் என்ற இடத்தில் (பின்னாளில் அதுவே ராபிள்ஸ் பிளேஸ் ஆயிற்று) அவருக்குப் புதிய இடம் கிடைத்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார், நிமிர்ந்தார். தமிழர்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்த்து வைக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடனில் விழுந்தவரைச் சமூகம் கைவிடவில்லை. தலைவராக ஏற்றுக்கொண்டது.

செங்கல் சுட்டவர் கட்டிய அத்தாப்புக் கோயில்

அந்நாளில் தமிழர்கள் கும்பிட ஒரு கோயில் இல்லை. தெலுக் ஆயரில் முதலில் நிலம் ஒதுக்கினார்கள். அங்கே நல்ல தண்ணீர் வசதி இல்லை. பிறகு ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே இடம் கிடைத்தது. நகரத் திட்டத்திற்கு அது ஒத்துவரவில்லை. மூன்றாவதாக 1823-இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிலம் கிடைத்தது. 1827-இல் அங்கே மாரியம்மன் கோயில் எழுந்தது.

அந்த முதல் கோயில் எதனால் கட்டப்பட்டது தெரியுமா? மரத்தாலும் அத்தாப்பாலும்தான்! செங்கற் சூளை நடத்தியவர், அம்மனுக்கு முதலில் எழுப்பியது ஓர் எளிய கொட்டகை. "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? கையில் இருப்பதைக் கொண்டு தொடங்கினார்கள். பின்வந்தவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எடுத்துக் கட்டினார்கள். இப்போதுள்ள கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843-ஐச் சேர்ந்தது என்பர். 1973-இல் சிங்கப்பூர் அரசாங்கம் அக்கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

கட்டடக்காரரின் குடும்பம் என்பது பெண்டாட்டி பிள்ளைகளோடு முடிந்துவிடுவதில்லை. அவரை நம்பி வந்த கொத்தனாரும் தச்சரும் மண் மிதித்தவரும் அக்குடும்பத்தில் சேர்ந்தவர்களே. கப்பலை விட்டு இறங்கி, வேலையும் இடமும் கிடைக்கும் வரை போக்கிடம் இல்லாமல் நின்ற புதியவர்களுக்கு அந்தக் கோயில்தான் தங்கும் வீடாக இருந்தது. இந்துக்களின் திருமணத்தை நடத்திப் பதிவு செய்யும் உரிமையும் ஒரு காலத்தில் அக்கோயிலுக்கு மட்டுமே இருந்தது. எத்தனை குடும்பங்கள் அங்கே மாலை மாற்றிக்கொண்டு வாழ்க்கையைத் தொடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அவை அனைத்துக்கும் அடிக்கல் வைத்தவர் ஒரு கட்டடக் குத்தகையாளர்.

2019-இல் ராபிள்ஸ் வந்திறங்கிய இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலைக்கு அருகே மற்ற முன்னோடிகளோடு நாராயண பிள்ளையின் சிலையும் வைக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்தாவது ஒரு கட்டடக்காரரின் பெயர் எல்லாருடைய வாயிலும் வந்தது.

ஜொகூர் பாருவின் தச்சர்

இனி இக்கரைக்கு வருவோம். 1855-இல் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரி என்ற குடியிருப்பைத் தொடங்கினார். 1866-இல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் வந்தது. ஜொகூர் பாரு கடைத்தெருவுக்குப் போனவர்கள் ஜாலான் வோங் ஆ பூக்கை அறியாமல் இருக்க மாட்டார்கள். "அந்த ரோட்டுல பஸ் ஏறினேன், இந்த ரோட்டுல துணி எடுத்தேன்" என்று எத்தனையோ முறை சொல்லியிருப்போம். அந்த வோங் ஆ பூக் யார்?

அவர் 1837-இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்தவர். 1854-இல் 17 வயது இளைஞராகச் சிங்கப்பூருக்கு வந்தார். கற்றுக்கொண்ட தொழில் தச்சு. உளியும் இழைப்புளியும் பிடித்த அந்தக் கை படிப்படியாக உயர்ந்து குத்தகை எடுத்தது. 1866-இல் கட்டி முடிக்கப்பட்ட நம் ஜொகூர் அரண்மனையான இஸ்தானா பெசாரைக் கட்டிய குத்தகையாளர் அவர்தான். மிளகு, கம்பீர்த் தோட்டங்களும் நடத்தினார். 1903-இல் சிங்கப்பூரில் குவோங் யிக் வங்கியைத் தொடங்கினார். சீனர்கள் அங்கே தொடங்கிய முதல் வங்கி அதுவே. 1913-இல் அந்த வங்கி நொடித்துப் போனது. பிள்ளைக்குத் தீ வந்ததுபோல் இவருக்கு வங்கி! 1918-இல் அவர் காலமானார். ஆனாலும் அவர் பெயர் தெருவில் நிலைத்தது.

இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். 2002-இல் அவருடைய வழித்தோன்றலான ஒரு பெண்மணி, அவர் வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு முழு நூலாக எழுதி வெளியிட்டார். தச்சராக வந்த ஒருவரின் கதையை அவர் குடும்பமே தேடி எடுத்து எழுதி வைத்தது. நம்மவர் கதையை யார் எழுதுவது?

சுவரில் கலந்தவர்கள்

பிள்ளைக்கும் வோங்குக்கும் பெயராவது நின்றது. பெயரே நிற்காதவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்த 80 பேர் சென்னை மாகாணத்தார். சில நாளில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தார்கள். அதன்பின் வந்தவர்கள் பல்லாயிரவர். ரோடு போட்டதும் சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும் செங்கல் சுட்டதும் அவர்களே. 1861-இல் முதல் வழிபாடு நடந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869-இல் முடிந்த கவர்னர் மாளிகையும் அவர்களுடைய கைவண்ணம்.

அந்தத் தேவாலயத்தின் உட்சுவரை 'மெட்ராஸ் சுண்ணாம்பு' கொண்டு பூசினார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவையும் கருப்புச் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் குழைப்பார்கள். பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுவர் பளிங்குபோல் மின்னும். நம் ஊர்க் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பட அறிந்த வித்தை அது! வடிவம் வரைந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தவர் பெயர் சுண்ணாம்போடு கலந்துவிட்டது.

லயத்து வீடு யார் வீடு?

இப்போது நம்ம கதை. ரப்பர் வந்தது, கங்காணி வந்தார், கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்தனர். காட்டை அழித்தார்கள், பால்மரம் நட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் லயங்கள் எழுந்தன. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும், பிறகு தகரக் கூரையும். ஒரே வரிசையில் பல வாசல்கள். ஒரு வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்மல்!

அந்த லயத்திலே அன்பு இருந்தது, திருவிழா இருந்தது, ஒருவருக்கொருவர் ஒத்தாசை இருந்தது. அதை நாம் மறக்கலாகாது. ஆனால் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. அந்த வீடு நம்முடையதாக இருந்ததில்லை. வேலை இருக்கும் வரைதான் வீடு. "பேரு வெட்டியாச்சு" என்று ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். முப்பது வருடம் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கோலம் போட்டு, முருங்கை நட்டு வளர்த்த வீடு ஒரே நாளில் அந்நியமாகிவிடும்.

1950-களில் பெருந்தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது இந்தக் கஷ்டம் நாடெங்கும் வெளிப்பட்டது. அதற்கு ஒரு மருந்தாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தைக் கொண்டு 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டினவர் பணத்தில் பால்மரத் தோட்டம்! 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தைக் கூறும் சட்டம் வந்தது. தண்ணீர், கழிப்பிடம், இடவசதி ஆகியவை முதலாளியின் தயவு அல்ல, தொழிலாளியின் உரிமை என்று ஆயிற்று. தரம் உயர்ந்தது. ஆயினும் வீட்டின் உடைமை மாறவில்லை. பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனையாயின, பல தாமான்களாயின. புது வீடுகள் எழுந்த மண்ணிலிருந்தே பழைய குடும்பங்கள் பல வெளியேறின.

நம் ஜொகூரில் தோட்டத்தை விட்டுப் போனவர்களில் பலர் கட்டட வேலைக்குப் போனார்கள். சிலர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் சிமெண்டு கலந்தார்கள். சிலர் சிற்றூர்களில் கொத்தனாராகவும் பெயிண்டராகவும் ஒயர்மேனாகவும் ஆனார்கள். கரணையும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் அவர்களுக்குச் சோறு போட்டன. ஊராருக்கு நூறு வீடு கட்டியவர், தாம் வாடகை வீட்டிலேயே கண்மூடிய கதை நமக்குப் புதிதல்ல. இதைக் குறை சொல்ல எழுதவில்லை. அடுத்த தலைமுறைக்கு இது தொடரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பெயர் எழுத வேண்டிய இரண்டு தாள்

கட்டியவர் பெயர் நிலைக்க இரண்டு தாளில் அது எழுதப்பட வேண்டும்.

முதல் தாள், நிலத்தின் கிராண்ட். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்றார்கள். பெற்றோர்களே, சிறியதானாலும் சொந்தமாக இருக்கட்டும். 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியில் உங்கள் பங்கு மாதந்தோறும் சேர்கிறது. 2024 மே முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தாவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு 'செஜாத்திரா' கணக்கில் போகிறது. வீட்டுக்காக எடுக்கக்கூடிய பணம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதைக் கல்யாணச் செலவுக் கடனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஈடாக எண்ணிவிடாதீர்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். "தெரிஞ்ச ஆளுதானே" என்று வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்தவர் நம்மிலே எத்தனை பேர்!

இரண்டாவது தாள், நம் வீட்டு நோட்டுப் புத்தகம். மாணவச் செல்வங்களே, இது உங்கள் வேலை. இந்தப் பள்ளி விடுமுறையில் தாத்தாவிடமோ பாட்டியிடமோ போய் உட்காருங்கள். "தாத்தா, நீங்க எந்தத் தோட்டத்துல இருந்தீங்க? எந்த வருஷம் வெளியே வந்தீங்க? எந்தெந்தக் கட்டடத்துல வேலை செஞ்சீங்க?" என்று கேளுங்கள். சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். "அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர் நான் பூசினது, அந்தக் கோயில் படி நான் கட்டினது" என்று அவர் சொன்னால், உங்கள் ஊரின் சரித்திரத்தில் ஒரு பக்கம் உங்கள் கையில் கிடைத்துவிட்டது. பெரியவர்கள் போய்ச் சேர்ந்தபின் கேட்டால் யார் சொல்வார்?

இன்னும் ஒன்று. கட்டடத் தொழில் தாழ்ந்த தொழில் அல்ல. "படிக்கலேன்னா சிமெண்டு தூக்கத்தான் போவே" என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். சிமெண்டு தூக்கியவர் தோளில்தான் ஜொகூர் பாரு நிற்கிறது. ஆனால் பிள்ளையின் வரலாற்றை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர் சூளை போடுமுன் எழுதப் படிக்கவும் காசைச் சோதிக்கவும் கற்றிருந்தார். கடிதம் எழுதத் தெரிந்ததால் கொத்தனார் வந்தார். கணக்குத் தெரிந்ததால் கடனிலிருந்து மீண்டார். கைத்தொழிலோடு கணக்கும் எழுத்தும் சேர்ந்தால் வேலையாள் குத்தகையாளர் ஆகலாம், படம் வரைபவராகலாம், பொறியியலாளராகவும் ஆகலாம். அந்தக் கணக்கையும் எழுத்தையும் கொடுப்பதற்குத்தான் தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவர்களையும், பரிசு வாங்காமல் கைதட்டும் மாணவர்களையும் மனமார வாழ்த்துகிறேன். வீட்டுக்குப் போகும் வழியில் இந்தப் பள்ளிக் கட்டடத்தை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். கல் சுமந்தது யார், சுவர் பூசியது யார், கூரை வேய்ந்தது யார் என்று பெற்றோரிடம் கேளுங்கள். தெரிந்தால் இன்றைக்கே எழுதி வையுங்கள்.